மாங்கொட்டைக்கும் ஒரு தராசு வேண்டும்

வைகாசி பிறந்துவிட்டால் போதும். கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சாலைகளில் மாம்பழம் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசை பிடித்து நிற்கும். வீட்டில் நறுக்கிச் சாப்பிடும் பங்கனப்பள்ளியோ மல்கோவாவோ அல்ல. மூக்கு வளைந்த பெங்களூரா ரகம். கிளிமூக்கு மாம்பழம் என்பதும் இதுதான். ஆந்திராவில் இதற்குத் தோத்தாபுரி என்று பெயர். இந்தப் பழத்தின் பெரும்பகுதி போய்ச் சேருமிடம் பழக்கூழ்த் தொழிற்சாலை.

தொழிற்சாலையின் ஒரு வாசல் வழியாகப் பழம் உள்ளே போகிறது. கூழாக மாறி, டப்பாக்களிலும் பைகளிலும் அடைபட்டு, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. மற்றொரு வாசல் வழியாக வெளியே வருவது என்ன? தோலும் கொட்டையும்! மாம்பழத்தின் எடையில், ரகத்தைப் பொறுத்து, நூற்றுக்கு 35 முதல் 60 பங்கு வரை இவ்வாறு கழிவாகப் போகிறது என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சில வாரங்களுக்குள் மலைமலையாகக் குவியும் இந்தக் கழிவு, ஒரே நாளில் புளித்துப் போகிறது. ஈ மொய்க்கிறது, நாற்றம் எழுகிறது, கழிவு நீர் ஓடையில் இறங்குகிறது.

2025-ம் வருஷத்துப் பருவம் மாம்பழ விவசாயிகளுக்குக் கண்ணீர்ப் பருவமாக முடிந்தது. விளைச்சல் அமோகம், விலையோ பாதாளம். சித்தூர் ஜில்லாவில் நிலைமை முற்றியதால், தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் என்று ஆந்திர சர்க்கார் நிர்ணயித்தது. அதில் 8 ரூபாயைத் தொழிற்சாலைகள் தர வேண்டும்; 4 ரூபாயைச் சர்க்கார் தரும் என்று ஏற்பாடு. வெளி ராஜ்யங்களிலிருந்து தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் ஜில்லா நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல் மந்திரி அதை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரி விவசாயிகளும் நியாய விலை கேட்டுக் குரல் எழுப்பினார்கள்.

இந்தச் சச்சரவில் எல்லோரும் பேசியது கூழைப் பற்றியே. பழத்தின் மற்றப் பாதியைப் பற்றிப் பேசியவர் குறைவு. தோலுக்கும் கொட்டைக்கும் ஒரு விலை கிடைக்குமானால், பழத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தர முடியும் அல்லவா? அந்தக் கழிவில் விலை பெறக் கூடிய சரக்கு இருக்கிறதா? இருந்தால், எவ்வளவு இருக்கிறது என்று யார், எப்படி அளந்து சொல்வது? விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

குப்பையில் இருக்கும் சரக்கு

தீபாவளி முறுக்கு நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கிறது. மழையில் கிடந்த மண்வெட்டி துருப்பிடிக்கிறது. இரண்டும் பிராணவாயுவாகிய ஆக்ஸிஜன் செய்யும் வேலை. இந்த வேலையைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும் பொருள்களுக்கு 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். செடிகொடிகள் வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தங்களைக் காத்துக் கொள்ளத் தயாரித்து வைத்திருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பலவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பழத்தைக் காக்க வேண்டிய பொருள் எங்கே இருக்கும்? வெளியே தோலிலும், உள்ளே விதையிலும்தான். ஆகவே, மனிதன் தூக்கி எறியும் பாகத்தில் இவை மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

மாமரத்தின் விஞ்ஞானப் பெயரை ஒட்டியே 'மாஞ்சிபெரின்' என்று பெயர் பெற்ற ஒரு பொருள் தோலிலும் பருப்பிலும் இலையிலும் பட்டையிலும் இருக்கிறது. மாம்பருப்பில் காலிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட டானின்கள் ஏராளம். பருப்பை வாயில் போட்டால் நாக்கு இழுத்துக் கொள்வதற்கு அதுவே காரணம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மைசூரில் 1950-ல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், மாம்பழத் தோலை உலர்த்திப் பொடியாக்கி, பிஸ்கட் மாவில் கலந்து பார்த்து, 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நார்ச் சத்தும் ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்தும் கூடியிருந்தன. மாம்பருப்பில் கொழுப்பும் உண்டு. சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயோடு நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய யூனியன் 2000-ல் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாம்பருப்புக் கொழுப்பும் ஒன்று.

சரக்கு இருக்கிறது. அளப்பதில்தான் சங்கடம்.

நிறம் சொல்லும் கணக்கு

ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்தைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. நிறம் மாறுவதைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். இரண்டு முறைகள் உலகெங்கும் பிரபலம்.

ஒன்று, போலின், சியோகால்டு என்ற இரு ரசாயனிகள் 1927-ல் கண்ட திரவத்தைக் கொண்டு செய்வது. சிங்கிள்டன், ரோசி என்ற இருவர் 1965-ல் திராட்சை மதுவுக்காக அதைத் திருத்தி அமைத்தார்கள். தோலிலிருந்து இறக்கிய சாற்றில் இந்த மஞ்சள் திரவத்தை ஊற்றி, சலவைச் சோடாக் கரைசலைச் சேர்த்தால் நீல நிறம் பிறக்கும். நீலம் எவ்வளவு அழுத்தமோ, துவர்ப்புப் பொருள் அவ்வளவு அதிகம் என்பது கணக்கு.

மற்றொன்று, 1958-ல் பிளாய்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன முறை. டி.பி.பி.எச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனத்தின் கரைசல் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். ஆன்டி ஆக்ஸிடன்ட் பட்டால் அந்த நிறம் வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று கருவி படித்துச் சொல்லும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இதில் ஓட்டைகள் உண்டு. முதல் முறையில் நீல நிறத்தை உண்டாக்குவது துவர்ப்புப் பொருள் மட்டுமல்ல; வைட்டமின் 'சி'யும் உண்டாக்கும், சிலவகைச் சர்க்கரைகளும் உண்டாக்கும். மாம்பழத் தோலில் இரண்டுமே இருக்கின்றன. அவற்றைக் கழிக்காமல் கணக்குப் போட்டால், இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டும். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி வைத்த கதைதான்!

அதோடு, தோலைத் தண்ணீரில் ஊற வைத்தால் ஒரு கணக்கு; சாராயத்தில் ஊற வைத்தால் வேறு கணக்கு. நிழலில் உலர்த்தியதற்கும் சூட்டடுப்பில் உலர்த்தியதற்கும் வித்தியாசம். காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம். ஒரு சோதனைச் சாலை ஈரத் தோலின் எடைக்குக் கணக்குச் சொல்கிறது. மற்றொன்று உலர்ந்த பொடியின் எடைக்குச் சொல்கிறது. இந்த நிலையில், 'எங்கள் சரக்கில் இத்தனை மில்லி கிராம்' என்று ஒரு வியாபாரி சொன்னால், வாங்குகிறவன் எதை நம்புவது? அளவு நிலையாக இல்லாத இடத்தில் விலையும் நிலையாக இராது.

கழிவை அளக்க மற்றொரு கழிவா?

இரண்டாவது சங்கடம் இன்னும் விசித்திரமானது. அளக்கும் முறையே அசுத்தத்தை உண்டாக்குகிறது.

சாற்றை இறக்கச் சோதனைச் சாலைகள் மிகுதியாக உபயோகிப்பது மெத்தனால். அது எவ்வளவு கொடிய பொருள் என்பதைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன விஷச் சாராயத்தில் கலந்திருந்தது இந்த மெத்தனால்தான்.

சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பெரிய கருவி ஒன்று உண்டு. நுண்பொடி அடைத்த மெல்லிய எஃகுக் குழாய் வழியாகத் திரவத்தை அழுத்திச் செலுத்திப் பிரிக்கும் கருவி அது. மாஞ்சிபெரின் எவ்வளவு, காலிக் அமிலம் எவ்வளவு என்று அது புட்டுப்புட்டு வைத்துவிடும். ஆனால் அதன் தாகம் பெரிது. சாதாரண அளவுக் குழாயில் நிமிஷத்துக்கு ஒரு மில்லி லிட்டர் திரவம் ஓடுகிறது. இரவு பகலாக ஓடினால் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நச்சுக் கழிவு மிஞ்சும். ஒரு கருவிக்கு இவ்வளவு என்றால், உலகத்துச் சோதனைச் சாலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு!

இந்தக் கருவிக்கு வேண்டிய முக்கியத் திரவம் அசிட்டோநைட்ரைல். 2008-ல் அதற்கு உலகமெங்கும் பஞ்சம் வந்தது. அது தனியாகத் தயாராகும் சரக்கல்ல. செயற்கை நூலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய அக்ரிலோநைட்ரைலைத் தயாரிக்கும்போது பக்க விளைவாகக் கிடைப்பது. அந்த வருஷம் பொருளாதார மந்தத்தால் அந்தச் சரக்குகளுக்குக் கிராக்கி குறைந்தது. பீஜிங் ஒலிம்பிக் பந்தயத்தையொட்டிச் சீனாவில் சில ஆலைகள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் டெக்ஸாஸ் கரையைப் புயல் தாக்கியது. அசிட்டோநைட்ரைல் விலை பல மடங்கு ஏறியது. கழிவுப் பொருளின் தரத்தை அளக்கும் கருவி, மற்றோர் ஆலையின் பக்கச் சரக்கை நம்பிப் பிழைத்தது என்ற உண்மை அப்போது பலருக்கும் உறைத்தது.

புதிய வழிகள்

ரசாயனத் தொழில் மண்ணையும் நீரையும் கெடுக்காமல் நடக்க வேண்டும் என்று பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1998-ல் பன்னிரண்டு விதிகளை வகுத்தார்கள். அளக்கும் சாலைகளுக்கென்றே தனியாகப் பன்னிரண்டு விதிகளைப் போலந்து விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு பரிசோதனை முறை எவ்வளவு சுத்தமானது என்று பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மார்க் போடும் கணக்கும் 2020-ல் வந்துவிட்டது. பரிசோதிப்பவனுக்கே பரீட்சை!

காரியத்தில் என்ன மாறியிருக்கிறது? முதலாவது, மெத்தனாலுக்குப் பதில் தண்ணீரும் எத்தனாலும் கலந்த திரவம். எத்தனால் கரும்பாலையின் கழிவுப் பாகிலிருந்து கிடைப்பது. துவர்ப்புப் பொருள்களை இறக்குவதற்குப் பெரும்பாலும் இதுவே போதும். காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைச் சாற்றுக்குள் செலுத்தினால், மணிக்கணக்கில் ஆகும் வேலை நிமிஷக்கணக்கில் முடிகிறது.

இரண்டாவது, அளவைச் சுருக்குவது. குறுகிய குழாய் பொருத்தினால் அதே பெரிய கருவி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரவத்தில் வேலையை முடிக்கும். நிறச் சோதனையையும் சோதனைக் குழாயில் செய்யாமல், சிறு குழிகள் கொண்ட தட்டில் சில துளிகளைக் கொண்டு செய்யலாம். ரசாயனம் தோய்த்த காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, நிறத்தைக் கைப்பேசிக் காமிராவால் படித்துக் கணக்கிடும் முறையும் வந்திருக்கிறது.

மூன்றாவது சங்கதி சுவாரசியமானது. 2003-ல் இங்கிலாந்தில் அபாட் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு வேடிக்கையைக் கண்டது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு ஒரு வெள்ளைப் பொடி. வயலுக்குப் போடும் யூரியாவும் வெள்ளைப் பொடி. இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் திரவமாகிவிடுகிறது! ஆவியாகிக் காற்றைக் கெடுக்காத திரவம். சர்க்கரை, எலுமிச்சைப் புளிப்பு போன்ற இயற்கைப் பொருள்களைக் கொண்டும் இத்தகைய திரவங்களைச் செய்யலாம் என்று பின்னர் தெரிந்தது. தாவரச் சத்துகளை இறக்க இவை நன்றாகவே உதவுகின்றன. பாகு போலக் கெட்டியாக இருப்பதும், இறக்கிய சத்திலிருந்து பிரிப்பது கஷ்டம் என்பதும் இவற்றின் குறை.

நான்காவது, ரசாயனமே இல்லாத முறை. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கிரணங்களைப் பொடியின் மீது பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிப்பது. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்ல் நாரிஸ் தானியங்களுக்காக வளர்த்த வித்தை இது. ஆஸ்திரேலிய மாந்தோப்புகளில் இத்தகைய கைக்கருவியைக் காயின் மேல் வைத்தே பறிக்கும் பருவம் பார்க்கிறார்கள். நொடியில் முடிகிறது, கழிவு ஒரு சொட்டும் இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒளிக் கருவி தானாக எதையும் அறியாது. பழைய ரசாயன முறையில் அளந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் காட்டி அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். ரகம் மாறினாலோ பருவம் மாறினாலோ மறுபடியும் சரிபார்க்க வேண்டும். மிகச் சிறு அளவில் உள்ள பொருளை அது தவற விடவும் கூடும். ஆகவே, பெரிய கருவியை அடியோடு விலக்க முடியாது. அடிக்கடி ஓட்டாமல், சரிபார்க்க மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாமா?

அளவு சரியாக வந்துவிட்டால் மட்டும் போதுமா? அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரிய வேண்டும்.

உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்ஸிடன்ட் சக்தியைக் காட்டும் பெரிய அட்டவணை ஒன்றை அமெரிக்க விவசாய இலாகா வைத்திருந்தது. 2012-ல் அதைத் தானாகவே விலக்கிக் கொண்டது. சோதனைக் குழாயில் தெரியும் சக்திக்கும் மனித உடலில் நடக்கும் காரியத்துக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை என்பதும், வியாபாரிகள் அந்த எண்களை விளம்பரத்துக்குத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்பதும் அது சொன்ன காரணங்கள்.

அதற்கு முன்பே பின்லாந்தில் ஒரு பெரிய பாடம் கிடைத்திருந்தது. புகை பிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு அங்கே ஒரு பரிசோதனை நடந்தது. ஆன்டி ஆக்ஸிடன்ட் இனத்தைச் சேர்ந்த பீட்டா கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் வெளியான முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு அதிகமாகக் காணப்பட்டது!

ஆகவே, மாங்கொட்டைப் பொடியை 'சர்வரோக நிவாரணி' என்று புட்டியில் அடைத்து விற்கப் புறப்படுவது விவசாயிக்கும் நல்லதல்ல, வாங்குகிறவருக்கும் நல்லதல்ல. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பது, பிஸ்கட்டுக்கு நார்ச் சத்து சேர்ப்பது போன்ற அடக்கமான உபயோகங்களே நிலைத்து நிற்கும். மேலும், மரத்தில் தெளித்த பூச்சி மருந்து தங்குவதும் தோலில்தான். சிலருடைய உடம்புக்கு ஒவ்வாத மாங்காய்ப் பாலும் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. நல்ல சத்தை அளக்கும் சோதனைச் சாலை, கெட்டதையும் கூடவே அளந்து சொல்ல வேண்டும்.

பால் கற்றுத் தந்த பாடம்

இதெல்லாம் நடக்கக் கூடிய காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள், கிராமத்துப் பால் சங்கத்தைப் பார்த்தால் போதும். லிட்டர் கணக்கில் மட்டும் பால் விற்றபோது, தண்ணீர் கலந்தவனுக்கும் கலக்காதவனுக்கும் ஒரே விலை. கெர்பர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1890-களில் கண்டுபிடித்த சோதனை, பாலின் கொழுப்பை அளந்து காட்டியது. அதற்குக் கந்தகாமிலம் வேண்டியிருந்தது. கை வெந்தவர்களும் உண்டு. பின்னர் ஒலி அலையால் அளக்கும் சிறு இயந்திரம் சங்கத்து மேஜைக்கு வந்தது. அமிலம் போயிற்று, அளவு நின்றது. கறவை மாடு வைத்திருக்கும் பெண்மணி, கொழுப்புச் சத்து இத்தனை, இதர சத்து இத்தனை என்று சீட்டைப் பார்த்துக் கணக்குக் கேட்டு வாங்குகிறாள்.

கரும்பின் கதையும் இதுவே. மத்திய சர்க்கார் நிர்ணயிக்கும் கரும்பு விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு பிணைந்திருக்கிறது. பிழிந்து அளந்தால்தான் விலை தெரியும். அந்த அளவு சரியில்லை என்று தோன்றினால் விவசாயி கேள்வி கேட்கவும் முடியும்.

மாந்தோலுக்கும் கொட்டைக்கும் இத்தகைய ஏற்பாடு வருவதற்குச் சில காரியங்கள் நடக்க வேண்டும். எப்படி உலர்த்துவது, எதில் ஊற வைப்பது, எந்த அலகில் சொல்வது என்று நாடு முழுவதற்கும் ஒரே முறை வேண்டும். மைசூர் நிலையமும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிலையமும் கூடி அதை வகுக்கலாம். தொழிற்சாலைகள் கூடியிருக்கும் ஜில்லாக்களில் பொதுவான சோதனைச் சாலை ஒன்று வேண்டும். அது தொழிற்சாலைக்காரரின் கையிலும் இருக்கக் கூடாது, வியாபாரியின் கையிலும் இருக்கக் கூடாது. அந்தச் சாலை மெத்தனாலை ஓடையில் கொட்டாத முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குப்பையை ஒழிக்க மற்றொரு குப்பையைப் பெருக்கியதாக முடியும். தோல் புளிப்பதற்குள் உலர்த்தும் வசதியும் ஆலையின் பக்கத்திலேயே வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவிலிருந்து கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கு பழத்தின் விலையோடு சேர வேண்டும். இது பேச்சோடு நின்றால் பயனில்லை. ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மாம்பழம் விற்கும் விவசாயி இன்று கூழுக்கு மட்டுமே பேரம் பேசுகிறான். தோலையும் கொட்டையையும் இனாமாகக் கொடுத்துவிட்டு வருகிறான். அவற்றின் மதிப்பு இன்னதென்று எழுதிய சீட்டு ஒன்று அவன் கையில் இருந்தால், அடுத்த விளைச்சலின்போது ஆலை வாசலில் அவன் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.